ஒரு பக்கம் முழுக்கப் பேசினார்

அத்தர் குப்பியைத் தேடிக்கொண்டு சௌதா உள்ளே போனாள். கொல்லையில் சேலைகளைக் கட்டிய மறைப்புக்குப் பின்னால் அவளுடைய அத்தாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். உடலைச் சுற்றும் கபன் துணியில் பூச அத்தர் வேண்டும் என்று அவள் கணவன் காதர் அங்கிருந்து குரல் கொடுத்திருந்தான். தேடினாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. குப்பி பீரோவில் இல்லை, டேப் ரெக்கார்டருக்குப் பின்னால் இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பக்கத்தில் நுனியில் பஞ்சு சுற்றிய ஈர்க்குச்சியும் கிடந்தது.

குப்பியின் அடியில் கொஞ்சம்போல ஒட்டியிருந்தது. அண்ணன் ஹுமாயூன் தம்மாமிலிருந்து போன மாதம்தான் ஆள் மூலமாக அனுப்பிய குப்பி.

"என்ன, இம்புட்டுத்தான் இருக்கு?" என்று மறைப்புக்கு மேலே கையை நீட்டி வாங்கினான் காதர்.

"செட்டத் துடைச்சேம்லா," என்றாள்.

இருந்ததைப் பூசினார்கள். அதற்கே வீடு முழுக்க மணத்தது. சௌதாவுக்கு அழுகை வரவில்லை. விடியற்காலையில் அத்தா பக்கீர் முகமதுவின் மூச்சு நின்றதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்ததும் அவள்தான்.

அந்த டேப் ரெக்கார்டர், ஹுமாயூன் முதல் தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது கொண்டுவந்தது. அரபு நாட்டுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் கேசட்தான். அவன் ஒரு பக்கம் பேசி அனுப்புவான். வீட்டில் மறுபக்கத்தில் பேசி, ஊரிலிருந்து போகிற யார் பெட்டியிலாவது சொருகி அனுப்புவார்கள். அம்மா ஆயிஷா பீவி பாதிப் பக்கத்தை மூக்கைச் சிந்தியே தீர்த்துவிடுவாள். மீதியில் சௌதா ஊர் வம்பை நிரப்புவாள். பக்கீர் முகமது மட்டும் பேச மாட்டார். கைலிக் கடையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசியே பிழைத்த மனுஷர், அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்காரச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பதில் பேசாத சாமானிடம் என்ன பேசுவது என்பார். போன எல்லா கேசட்டிலும் அவருடைய இருமல் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கும். வந்த எல்லா கேசட்டிலும் ஹுமாயூன் கடைசியாகக் கேட்பது ஒன்றுதான்: அத்தாவை ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை, படுக்கையில் கிடந்தவர் தானாகவே அதை எடுத்துவைக்கச் சொன்னார். தான் பேசப்போவதாகவும் சொன்னார்.

எடுத்துவைத்தால் செட்டு மந்தமாகப் பாடியது. காதர் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில். அங்கே ரேடியோ கடை தவசிமுத்துவிடம் கேட்டு வந்தான். டேப் உரசிப்போகிற ஹெட்டில் அழுக்கு ஏறியிருக்கும், தூக்கிக்கொண்டு வர வேண்டாம், மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சில் நனைத்துத் துடைத்தால் போதும் என்று அவர் சொல்லியிருந்தார். ஸ்பிரிட் என்றதும் பக்கீர் முகமது படுத்தபடியே கையை ஆட்டிவிட்டார். சாராயம் சேர்ந்த எதுவும் அந்த வீட்டு வாசற்படி ஏறியதில்லை. கல்யாணத்துக்கு வந்த சென்ட் பாட்டிலைக்கூடத் திருப்பி அனுப்பியவர். அதனால்தான் ஹுமாயூன் சாராயம் கலக்காத எண்ணெய் அத்தராகப் பார்த்து வாங்கி அனுப்புவான்.

அத்தரால் துடைக்கலாம் என்பது சௌதாவின் யோசனை. தொழுகைக்கே பூசிக்கொண்டு போகிற பொருள், அது எடுக்காத அழுக்கா என்று நினைத்தாள். ஹெட்டிலும் ரப்பர் உருளையிலும் தாராளமாகத் தேய்த்தாள். பழைய கேசட் ஒன்றைப் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டாள். முன்னைவிடத் தெளிவாகவே இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு. பிறகு புதுக் கேசட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினாள்.

அத்தா எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அம்மாவும் மகளும் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். உள்ளே அவர் குரல் தணிவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டது. ஒரு வார்த்தை பிடிபடவில்லை. கேசட் முடிந்து பொத்தான் எழும்பும்வரை பேசினார். யாரும் தெரியாமல் அதன்மேல் வேறு எதையும் பதிந்துவிடக் கூடாது என்று, கேசட்டின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் பல்லைச் சௌதா ஊக்கால் உடைத்துப் பத்திரப்படுத்தினாள். அவனுக்கென்று சொன்னதை நாம் கேட்பது முறையில்லை என்று போட்டுப் பார்க்கவில்லை.

மையத்தை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன்னால், தெருமுனை மெடிக்கல் கடைக்கு ஹுமாயூனின் போன் வந்தது. சௌதா ஓடினாள். தனக்காகக் காத்திருக்க வேண்டாம், அடக்கிவிடுங்கள் என்றான். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டான். அப்புறம் குரல் இறங்கியது.

"எனக்கு ஏதாச்சும் சொன்னாவளா?"

"ஒரு பக்கம் முழுக்கப் பேசிருக்காவ அண்ணே. உங்களுக்குன்னே."

அந்தப் பக்கம் கரகரவென்று ஏதோ இரைந்தது. லைன் கோளாறு என்றுதான் நினைத்தாள். அவன் அழுகிறான் என்று பிறகு தெரிந்தது. அவனோடு வேலை பார்க்கும் மம்சாபுரம் இருளப்பசாமி லீவு முடிந்து இன்று சாயங்காலம் கிளம்புகிறார், வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார், அந்தக் கேசட் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றான். போனை வைத்தபோது எதிர்த் தட்டில் ஸ்பிரிட் பாட்டில்கள் வரிசையாக இருந்தன.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். துக்கம் கேட்க வந்திருந்த தவசிமுத்துவும் காதரோடு வந்தார். கொடுத்து அனுப்புவதற்கு முன்னால் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றான் காதர்.

சௌதா பொத்தானை அழுத்தினாள். அத்தாவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்தது.

"ஓடுதா இது? செவப்பு லைட்டு எரியுது... ஏட்டி, அந்த ஃபேன அமத்து, இரையுது. எல்லாரும் வெளிய போங்க. இது அவனுக்கு."

கதவு சாத்துகிற சத்தம். தொண்டையைச் செருமினார். அதன் பிறகு குரல் உள்ளே உள்ளே போய்விட்டது. போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, இழுத்தும் விரைந்தும் ஒரு முனகல். இருமினால் மட்டும் இருமல் என்று தெரிந்தது.

தவசிமுத்து மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். முகர்ந்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்காமல், ரிப்பேர் சாமான் பையிலிருந்து ஸ்பிரிட்டை எடுத்துத் துடைத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது. சௌதா தடுக்கவில்லை. வீட்டுக்காரர் போன அன்றைக்கே அந்த வாடை நடுவீட்டுக்கு வந்துவிட்டது. மறுபடியும் போட்டார்கள். அதே முனகல்தான்.

"பதியுறப்பவே எண்ணெ படிஞ்சிருச்சு தாயி," என்றார். "இனி எந்தச் செட்ல போட்டாலும் இம்புட்டுத்தான் வரும்."

அத்தா என்ன சொன்னார் என்பது அத்தாவுக்கு மட்டுமே தெரியும். அவரை மண்ணில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சௌதா சேலையில் துடைத்தாள். டேப் சிக்கி அறுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், அவன் மனசு இதைத் தாங்காது என்று காதர் மெதுவாகச் சொன்னான். வாசலில் இருளப்பசாமி வந்து நின்றார்.

"அந்தச் செட்ட இங்க கொண்டா."

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல். கணவன் போனதால் வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் உட்கார்ந்திருந்தாள். திரைக்கு இப்பால் நடந்ததெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். சௌதா செட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஒண்ணும் வெளங்காதும்மா."

"நீ போடு."

கேசட்டை முதலிலிருந்து ஓட்டினாள். ஆயிஷா பீவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஃபேனை அமர்த்தச் சொன்ன இடம் போயிற்று. கதவு சாத்தியது. முனகல் தொடங்கியது. அது கொஞ்சம் நின்ற இடத்தில் அம்மா "ம்" என்றாள். மறுபடியும் நின்றபோது மறுபடியும் "ம்" என்றாள். கடையைச் சாத்திவிட்டு வந்து அத்தா சாப்பிட்டுக்கொண்டே அன்றைய கதையைச் சொல்லும்போது, அடுப்படியிலிருந்து அவள் போடுகிற அதே "ம்". செத்த நேரம் பொறுக்கச் சொல்லி வாசலுக்கு ஆள் அனுப்பிவிட்டு, சௌதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் முழுக்க அம்மா ஒரு இடத்தில்கூட விடவில்லை.

டக்கென்று பொத்தான் எழும்பியது.

"சரி," என்றாள் அம்மா. கேசட்டை எடுத்து முந்தானையால் துடைத்து நீட்டினாள். "குடுத்து விடு. இது அவனுக்குத்தான."

இருளப்பசாமி வாசலிலேயே பெட்டியைத் திறந்து, மடித்த சட்டைகளுக்கு நடுவே கேசட்டுக்கு இடம் பண்ணினார். வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தார்.

"அத்தர் வாசமா வருதே தாயி," என்றார்.

"ஆமா," என்றாள் சௌதா. பெட்டி மூடவில்லை. மேலே கையை வைத்து அழுத்திக் கொடுத்தாள்.