பெங்களூர் முறை

சந்திரம்மா கண்டுபிடித்தது ஒரு சின்ன வித்தைதான். பெங்களூர் பொம்மனஹள்ளியில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்தார்கள். ஆளுக்கொரு போர்டு. ஸ்டாண்டிலிருந்து ஒயரை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகி, டேப் சுற்ற வேண்டும். சந்திரம்மா எட்டு ஒயர்களை இடது கை விரலிடுக்கில் நிற வரிசைப்படி பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் தள்ளித் தள்ளிச் செருகிவிடுவாள். சாப்பாட்டு மணிக்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும்தான் அப்படி. அதில் மிச்சமாகும் பத்து நிமிஷம் காலி அட்டைப்பெட்டி மேல் உட்காருவாள். காலை ஆறு மணியிலிருந்து நின்ற கால்கள் அவை.

2004 ஜூனில் சிங்கப்பூர் ஆபீசிலிருந்து கிரகாம் என்ற வெள்ளைக்காரர் வந்தார். தாய்லாந்து, மெக்சிகோ, பெங்களூர் மூன்று இடத்து உற்பத்தியும் அவர் பொறுப்பு. சந்திரம்மாவின் கைகளை வீடியோ எடுத்தார். "வெரி குட்" என்று சொல்லி ஒரு பேனா கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் சுவரில் ஒரு படம் ஏறியது. மணிக்கட்டு வரைக்கும் சந்திரம்மாவின் இரண்டு கைகள். கீழே இங்கிலீஷில் 'பெங்களூர் முறை'. அவள் பேர் எங்கும் இல்லை. ஷிப்டுக்கு ஆளுக்கு முப்பத்திரண்டு கட்டு என்றிருந்த டார்கெட் அந்த வாரமே நாற்பது ஆனது. மூன்று நாட்டிலும்.

கேன்டீனில் லட்சுமம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள். பதினோரு வருஷமாகப் பக்கத்து போர்டில் நிற்பவள்.

"அக்கா, நான் உட்காரத்தானே அப்படிச் செஞ்சேன்."

"சும்னே, சும்மா இருந்திருக்கலாம் இல்ல? நீ உட்கார்ந்தே. நாங்க சாகறோம்."

மூன்றாவது வாரம் சந்திரம்மாவின் இடது கட்டைவிரலே வீங்கிவிட்டது. துணி பிழிய முடியவில்லை. டேப்பைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். முதலில் தன் மேலேயே கோபம் வந்தது. பிறகு லட்சுமம்மா மேல். தினமும் அந்தப் படத்தைத் தாண்டிப் போய் வந்ததில், கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று மெல்லப் புரிந்தது. என்னைக் கேட்டார்களா? ஒரு மணி நேரம் செய்வதை எட்டு மணி நேரம் செய்ய முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டார்களா?

அக்டோபரில் புரொடக்ஷன் மேனேஜர் ரங்கநாதன் கூப்பிட்டனுப்பினார்.

"நாளைக்கு வீடியோ கான்ஃபரன்ஸ். தாய்லாந்துல எல்லாருக்கும் கை வலின்னு கம்ப்ளெயின்ட். அவங்க தப்பாப் பிடிக்கிறாங்கன்னு கிரகாம் நினைக்கிறார். நீ செஞ்சு காட்டணும்மா."

"எனக்கும் வலிக்குது சார்."

"அதை அங்க சொல்லாதே."

மறுநாள் திரையில் ஒரு பாதியில் கிரகாம், இன்னொரு பாதியில் நீல யூனிஃபார்ம் போட்ட தாய்லாந்துப் பெண்கள். சந்திரம்மா ஒரு கட்டைச் செய்து முடித்தாள். விரல் வலியில் தெறித்தது. கிரகாம் கை தட்டி, ஏதாவது சொல்லச் சொன்னார்.

"இது நாள் பூரா செய்யற வேலை இல்லை. கால் வலிக்கு உட்காரணும்னு ஒரு மணி நேரம் மட்டும் செஞ்சேன். நாள் பூரா செஞ்சா கை போயிடும்," என்றாள்.

ரங்கநாதன் சிரித்த முகமாக அதை இங்கிலீஷில் சொன்னார். அதில் 'ஹேப்பி' என்ற சொல் அவள் காதில் விழுந்தது. 'பிரவுட்' என்பதும்.

"நான் அப்படிச் சொல்லலையே சார்."

"அப்புறம் பேசலாம்."

அவள் டேப்பைப் பிரித்தாள். கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்த விரலைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். "நோ ஹேப்பி. பெயின். எய்ட் அவர், நோ."

திரையில் பின்வரிசையில் ஒருத்தி தன் கையை உயர்த்தினாள். கட்டைவிரலில் வெள்ளைத் துணி. அவள் பக்கத்தில் இன்னொருத்தி. ரங்கநாதன் எழுந்து போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் ஏழு கைகளை சந்திரம்மா எண்ணிவிட்டாள்.

"எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா?" என்று ரங்கநாதன் கத்தினார்.

"உங்களுக்கு அவமானம். எனக்குக் கை."

மெமோ வந்தது. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் முடித்துவிடலாம் என்றார்கள். அவள் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, விஷயம் கேள்விப்பட்ட லட்சுமம்மா லைனில் இருந்த இருபத்தாறு பேரையும் கூட்டிக்கொண்டு போய் மேனேஜர் அறைக்கு முன்னால் நின்றாள். எல்லோரும் டேப் சுற்றிய விரலோடு நின்றார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. ஷிப்ட் நாற்பது நிமிஷம் நின்றது. அந்த நாற்பது நிமிஷக் கணக்கு அன்றைக்கே சிங்கப்பூருக்குப் போயிருக்க வேண்டும்.

நவம்பரில் டார்கெட் முப்பத்துநாலுக்கு இறங்கியது. காரணம் எதுவும் எழுதவில்லை. சந்திரம்மாவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான், இன்சென்டிவ் கிடையாது.

மாற்றல் தாளில் கையெழுத்து வாங்க ரங்கநாதனே வந்தார். "கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா லைன் லீடர் ஆகியிருப்பே," என்றார்.

"ஆகி, இவங்களை நாற்பது செய்யச் சொல்லணுமா சார்?"

அவர் தாளை நீட்டினார். அவள் வலது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு பேக்கிங் பக்கம் நடந்தாள். கோபம் குறையவே இல்லை. குறைய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.