றோசலினின் தொண்டையில் தங்கம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. துறைமுகத்தில் லொறி ஓட்டும் என் மேல்வீட்டுக்காரர் தம்பிமுத்து படியில் பனி வழித்துக்கொண்டே பாதியைச் சொன்னார். அவர் மனைவி றோசலின் அதைத் திருத்தினாள். திருத்தம்தான் அதிகம்.

‘மாசி மாதத்தின் உறைந்த காலையொன்றில் விதி அவர்கள் கதவைத் தட்ட–’ என்று எழுதத் தொடங்கினேன்.

“விதி ஒண்டும் தட்டல்ல,” என்றாள் றோசலின். “ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்த.”

சரி. போன் வந்தது.

2

மாதக்கணக்கில் சளித் தடிமன் என்று நினைத்த றோசலினின் கரகரப்பு, குரல்வளையில் புற்றுக்கட்டி. வழி இரண்டு. குரல்வளையை வெட்டியெடுத்தால் நோயும் போகும், குரலும் போகும். இல்லையென்றால் கதிர்வீச்சு; அதோடு, இன்னும் பரிசோதனையில் இருக்கும் ஒரு புது முறை. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களை ஊசியால் கட்டிக்குள் ஏற்றுவார்கள். தங்கம் கதிரை வாங்கிப் பக்கத்திலிருக்கும் புற்றின் மீதே தெறிக்கவிடும்.

(இங்கே ஒன்றரைப் பக்கம் இயற்பியல் இருந்தது. வாசித்த தம்பிமுத்து கொட்டாவி விட்டதால் எடுத்துவிட்டேன்.)

பலன் நிச்சயமில்லை என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். தம்பிமுத்துவுக்கு நிச்சயம்தான் வேண்டியிருந்தது.

“வெட்டி எடுப்பம் றோசலின். நீ இருந்தாக் காணும், வேற ஒண்டும் வேணாம்.”

“நான் இருந்து, குரல் இல்லாட்டி, உங்களுக்கு ஆர் ஏசுற?”

அவர் சிரித்தார். றோசலின் தங்க ஊசிக்கே சம்மதம் சொன்னாள்.

3

தம்பிமுத்து அளவுக்கு மீறி நல்லவராக வருகிறாரே என்று எனக்குச் சந்தேகம். ஒரு வரைவில் அவரைக் குடிக்க வைத்தேன். றோசலின் அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டு, உண்மைக் குற்றத்தைச் சொன்னாள். அவளுக்குத் தெரியாமல் டொக்டரைப் பிடித்து, சத்திரசிகிச்சைக்கே அவளைச் சம்மதிக்க வையுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார் மனுசன். முடிவு அவளுடையது என்று டொக்டர் மறுத்துவிட்டார். தங்க ஊசி போட்ட அன்று, மனம் பொறுக்காமல் தம்பிமுத்துவே அவளிடம் அதை ஒப்புக்கொண்டார்.

அன்று முழுக்க அவள் பேசவில்லை. தொண்டை நோவா கோபமா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.*

*கோபம்தான். என்னிடம் மட்டும் சொன்னாள்.

கதிர்வீச்சு முடியும்போது தொண்டை வெந்து, இருந்த கரகரத்த குரலும் போய்விட்டது. கஞ்சிகூட மிடறு மிடறாகத்தான் இறங்கியது. கூப்பிட வேண்டுமானால் கரண்டியால் மேசையில் தட்டுவாள். தம்பிமுத்து வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நிற்பார். வெட்டி எடுப்பம் என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டோம் என்று அந்த அமைதியில்தான் அவருக்கு உறைத்தது.

4

முடிவுகள் பல எழுதினேன். ஒன்றில் செத்த வீடு. “என்னைக் கொல்ல நீ ஆர்?” என்று அந்தத் தாளை மடித்து என் கையிலேயே திணித்தாள்.

நடந்தது இது. ஸ்கானில் கட்டி சுருங்கி, தேடித்தான் காண வேண்டியிருந்தது. தங்கத்தாலா, வெறும் கதிராலா என்று இப்போதே சொல்ல முடியாது, தொடர்ந்து பார்ப்போம் என்றார் டொக்டர். பனி கரைந்த ஒரு காலையில் தம்பிமுத்து தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால், உரித்தெடுத்த மாதிரி ஒரு குரல் ஒரேயொரு வசனம் சொன்னது. அவர் கோப்பையை வைத்துவிட்டுக் குசினித் தரையில் உட்கார்ந்து அழுதார்.

என்ன வசனம்?

தம்பிமுத்துவிடம் கேட்டால் காது சிவக்கிறது. றோசலின், “அது உனக்கில்ல,” என்கிறாள். நானாக ஐந்து எழுதிப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. நீங்களும் யாரோடோ ஒரே வீட்டில் வாழ்ந்திருப்பீர்கள். நீங்களே எழுதுங்கள்.

றோசலின் சொன்னாள்: “