க்ரீலின் வலது கால்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, வான் நைஸ் பகுதியிலிருந்த படப்பிடிப்புக் கொட்டகைக்கு வெளியே, டாக்கோ ரொட்டி விற்கும் வண்டியருகில், நொயெமி அர்ரியேத்தா அந்த ஆண்டின் கடைசி அத்தியாயத்தின் வசனப் பிரதியைப் படித்து முடித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். வண்டிக்காரர் டான் சூச்சோ தலையை நீட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, அவ்வளவு நல்ல ஜோக்கா?”

“ஜோக் இல்ல டான் சூச்சோ. சோகக் காட்சி. அதான் சிரிப்பு வருது.”

நொயெமி அங்கே தயாராகும் தொலைக்காட்சித் தொடரின் ஸ்டண்ட் மாஸ்டர். ஒரே தெருவில் எதிரெதிரே பள்ளி நடத்தும் இரண்டு கராத்தே வாத்தியார்களின் கதை அது. வால்ட் க்ரீல் என்பவன் முரடன். கென் ஓஷிரோ பொறுமைசாலி. க்ரீலாக நடித்தவர் லாயிட் ஆர்கட், ஐம்பத்தெட்டு வயது. ஓஷிரோவாக நடித்தவர் ரே நகமா. மூன்று ஆண்டுகளாக இவர்கள் போட்ட அடி, உதை, தடுப்பு எல்லாமே நொயெமி சொல்லிக் கொடுத்தவை. க்ரீல் எப்படிச் சண்டை போடுவான் என்பதை முதல் நாளே அவள் முடிவு செய்துவிட்டாள். எதிராளி தயாராகும்வரை அவன் காத்திருக்கமாட்டான். வலது கால்தான் முதலில் பாயும். விழுந்தவனைத் திரும்பியும் பார்க்கமாட்டான். ஊரில் சின்னப் பையன்கள்கூட பள்ளிக்கூட மைதானத்தில் அந்த வலது காலை வீசிக்காட்டினார்கள்.

இப்போது மூன்றாம் ஆண்டின் முடிவில் க்ரீல் திருந்த வேண்டும். பிரதியில் சண்டைக்கு இரண்டே வரி. ‘இருவரும் மோதுகிறார்கள். க்ரீல் தோற்று மண்டியிடுகிறான்.’ அதன்பின் இரண்டரைப் பக்கத்துக்கு அவன் பேசுகிறான்.

நொயெமி நேராகத் தலைமை எழுத்தாளர் பிலிப்பாவின் அறைக்குள் போனாள். சுவர் முழுக்க வண்ணச் சீட்டுகள் ஒட்டியிருந்தன.

“பிலிப்பா, இவன் மாறிட்டானா, இல்ல மாறிட்டேன்னு பிரசங்கம் பண்றானா?”

“அந்த ரெண்டரைப் பக்கத்த எழுத எனக்குப் பத்து நாள் ஆச்சு.”

“அதான் தெரியுதே. அப்பன் அடிச்சான், பொண்டாட்டி போயிட்டா, நாய் செத்துப்போச்சு. நாய் எதுக்கு?”

“நாய்னா ஜனங்க அழுவாங்க.”

“அழுவாங்க. நாய்க்காக அழுவாங்க. க்ரீலுக்காக யாரு அழுவா?”

பிலிப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணாடிதான் இறங்கும். “இதப் பாரு, உதை உன்னோடது, மனசு என்னோடது. மூணு வருஷமா அப்படித்தானே வண்டி ஓடுது?”

“மனசு மாறினா உதை மாறாதா? அப்ப இத்தனை நாளா நான் வெறும் காலத்தான் ஆட்டிக்கிட்டிருந்தேனா?”

வெளியே யாரோ ஏணியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பிலிப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“வியாழக்கிழமை மூணு மணி,” என்றாள். “ஒரு வார்த்தை பேசாம, அவன் மாறிட்டான்னு என்னை நம்ப வை. நம்பினா அந்தப் பக்கங்கள வெட்டிடறேன். நம்பலேன்னா நாயோட போறோம்.”

“நாய்க்கு இப்பவே குழி தோண்டி வை,” என்றாள் நொயெமி.

பக்கத்து ஊரான பகோய்மாவில் அண்ணன்மார் நால்வரோடு வளர்ந்தவள் அவள். பதினேழு வயதில் மாநிலக் கராத்தே போட்டியில் ஜெயித்தவள். சவால் விட்டபின் யோசிப்பது அவளுக்குப் பழகிய காரியம்.

புதன்கிழமை பயிற்சியில் முதல் யோசனையைச் செய்து பார்த்தார்கள். க்ரீல் திருப்பி அடிக்கவே மாட்டான். ஓஷிரோ அடிக்க அடிக்க, கைகளைத் தொங்கவிட்டு வாங்கிக்கொள்வான். லாயிட் முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி, ஏழு அடி வாங்கினார். எட்டாவது அடியில் ரே நிறுத்திவிட்டார்.

“மாஸ்டர், இதுல நான்தான் ரவுடி மாதிரி தெரியறேன்.”

“எனக்கும் ஒருமாதிரியா இருக்கு,” என்றார் லாயிட். “சிலுவையில தொங்கற மாதிரி. க்ரீல் இப்படிச் செஞ்சா அதுவும் ஒரு தந்திரமாத்தான் இருக்கும். எதிராளிய அசிங்கப்படுத்தற தந்திரம்.”

நொயெமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அவர்கள் சொன்னது சரி. “சரி, இது குப்பை. நான் போட்ட குப்பை, நானே அள்ளிடறேன்,” என்றாள். பிறகு விரிப்பின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டாள்: “லாயிட், மூணு வருஷமா அந்த ஆளுக்குள்ள நீங்கதான் குடியிருக்கீங்க. அவனுக்கு இப்ப என்ன வேணும்?”

“ஜெயிக்கணும்,” என்றார் லாயிட், யோசிக்காமலே.

“திருந்தின பிறகுமா?”

“திருந்தினா பசி போயிடுமா என்ன? நான் குடிய விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. நாக்கு மறந்துடுச்சுன்னு நினைக்கறியா? கை நீளும். நான் இழுத்துக்குவேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நொயெமிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

கதையில் ஓஷிரோவின் இடது முழங்கால் ஒருமுறை உடைந்து கூடியது. இருபது வயதில் க்ரீல் உதைத்து உடைத்தது அது. அதை வைத்து அன்று மாலைக்குள் சண்டையை முழுசாக மாற்றிப் போட்டாள். க்ரீல் வெறியோடுதான் சண்டை போடுவான், ஜெயிக்கவே போடுவான். நடுவில் ஓஷிரோ சறுக்குவார். அந்த முழங்கால் மறைப்பில்லாமல் முன்னால் வந்துவிடும். க்ரீலின் வலது கால் பாயும். பாய்ந்து, முழங்காலுக்கு நாலு விரல் தள்ளி நின்றுவிடும். பிறகு கீழே இறங்கும். ஓஷிரோ எழுந்து நிற்கும்வரை அவன் காத்திருப்பான். எழுந்ததும் மறுபடி அதே வெறி. கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்பான். தோற்றதற்காக உள்ளுக்குள் கொதிப்பான். காலை நிறுத்தியதற்காக அல்ல.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு பிலிப்பா ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் பேனா, மடியில் பிரதி. லாயிட்டும் ரேயும் தொடங்கினார்கள். விரிப்பு அதிர்ந்தது. ரே சறுக்கினார். லாயிட்டின் கால் காற்றைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது.

அந்தக் கால் அங்கே நிற்கும்போது லாயிட்டின் தொடை நடுங்கியது. நொயெமி சொல்லிக் கொடுத்த நடுக்கம் இல்லை அது, வயது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு, ஒருவன் தன்னைத்தானே பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியோடு நின்றுவிட்டார்கள்.

முடிந்ததும் பிலிப்பா பிரதியைப் பிரித்தாள். ஒரு பக்கத்தைக் குறுக்கே கோடிட்டாள். இன்னொன்றையும் கோடிட்டாள். பாதிப் பக்கம் மிச்சமிருந்தபோது பேனா நின்றது.

“அதையும்தான்,” என்றாள் நொயெமி.

“பொறு. எனக்கு ஒரு வரி வேணும். கால் இறங்கினதும் க்ரீல் ‘எழுந்திரு, இன்னும் முடியல’ன்னு சொல்லணும்.”

“எதுக்கு? காலே சொல்லிடுச்சே.”

“உன் கால் அவன் நிறுத்தினதச் சொல்லுது. அவனுக்கு எதிராளி வேணும்னு சொல்லல. எதிர்ல ஓஷிரோ நின்னாத்தான் அவனுக்கு வாழ்க்கை. ஒரு தடவை சொல்லிப் பாக்கட்டுமே, மாஸ்டர்.”

பிலிப்பா அவளை மாஸ்டர் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. லாயிட் சொல்லிப் பார்த்தார். கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பாதியில் ஆட்டத்தை விட்டுப் போகிறவனிடம் எரிச்சலோடு சொல்கிற மாதிரி சொன்னார். ரே, நடிக்க வேண்டிய இடம் இல்லையென்றாலும், சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

நொயெமி இரண்டு கையையும் தூக்கினாள். “சரி தாயே. அந்த வரி இருக்கட்டும். எனக்கு எழுத வராது, ஒத்துக்கறேன்.”

“எனக்கு உதைக்க வராதுன்னு நான் ஒத்துக்கமாட்டேன்,” என்றாள் பிலிப்பா.

திங்கட்கிழமை படப்பிடிப்பு. லாயிட்டின் தொடை நடுக்கத்தைப் பார்த்துப் பயந்துபோன இயக்குநர், காலை மட்டும் டூப்பை வைத்து எடுத்துவிடலாம் என்றார். நொயெமி உடன்படவில்லை. காலும் முகமும் ஒரே ஷாட்டில் தெரிந்தாக வேண்டும். வேறு ஆளின் காலை வெட்டி ஒட்டினால் அது கண்கட்டு வித்தையாகிவிடும் என்றாள். லாயிட் அதைக் கேட்டுக்கொண்டே தொடையில் தைலம் தேய்த்தார்.

“ஆறு தடவைக்கு மேல என்னால முடியாது,” என்றார்.

“ஆறு எதுக்கு? நாலு போதும்.”

ஐந்தாவதில்தான் சரியாக வந்தது. முதல் நான்கில் ஒன்றில் கால் தாழ்ந்தது, ஒன்றில் ரே நிஜமாகவே வழுக்கினார், மற்ற இரண்டில் விளக்கு ஒத்துழைக்கவில்லை. ஐந்தாவதில் கால் போனது, நின்றது, நடுங்கியது, இறங்கியது. ‘எழுந்திரு, இன்னும் முடியல.’ கட் சொன்ன பிறகும் ரே, லாயிட்டின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். லாயிட் நொண்டிக்கொண்டு வந்து நொயெமியின் தோளில் சாய்ந்தார்.

“நாலுன்னு சொன்னியே.”

“அஞ்சுன்னு சொல்லியிருந்தா ரெண்டுலயே உக்காந்திருப்பீங்க.”

சானலிலிருந்து வந்த ஓர் அதிகாரி, க்ரீல் அழவே இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். பிலிப்பா அவரைத் தனியாக அழைத்துப்போய் அரை மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. காட்சி அப்படியே ஒளிபரப்பானது. மறுவாரம் டாக்கோ வண்டிக்குப் போன நொயெமியிடம் டான் சூச்சோ பொட்டலத்தைக் கொடுக்காமலே நின்றார். “அந்தப் படுபாவி காலை நிறுத்தினதும் எனக்கு மூச்சே நின்னுடுச்சும்மா. என் தம்பியோட பேசி ஆறு வருஷம் ஆச்சு. நேத்து போன் பண்ணினேன்.”

“என்ன சொன்னார்?”

“யாருன்னு கேட்டான். திமிரு புடிச்சவன். ஞாயித்துக்கிழமை வரேன்னான்.”

நான்காம் ஆண்டு வேலை தொடங்கிய முதல் நாள், எழுத்தாளர்கள் அறையில் நொயெமிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சீட்டுகளெல்லாம் கழற்றப்பட்டுச் சுவர் வெறுமையாக இருந்தது. பிலிப்பா புதுப் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

“சரி, இந்த வருஷம் யாரு மாறப்போறா?”

“ஓஷிரோ,” என்றாள் நொயெமி, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு. “மூணு வருஷமா நல்லவனாவே இருந்து கொல்றான். அவனுக்கு எங்க கோபம் வரும்னு மொதல்ல கண்டுபிடிப்போம்.”