இங்கிலீஷ் திருஷ்டி

பஞ்சநதத்தின் சீரகச் சம்பாவை யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், மனுஷன் முகம் வெளிறிவிடும். "எங்கங்க, பாதிக்கு மேல சாவி, வெறும் பதரு" என்று உடனே முந்திக்கொள்வார். தேடினாலும் ஒரு பதர் கிடைக்காத வயல் அது. இப்படித் திட்டித் திட்டித்தான் இத்தனை வருஷமாகக் கண் படாமல் காப்பாற்றி வருவதாக அவருக்கு நினைப்பு.

இந்த மார்கழியில் புதுச் சிக்கல் வந்தது. வெளிநாட்டுக்கு அரிசி அனுப்பும் கம்பெனியிலிருந்து ஒரு டச்சுக்கார அம்மாள் வயலைப் பார்க்க வருகிறாள். பிடித்துப்போனால் விளைச்சல் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். இல்லாவிட்டால் வழக்கம்போல வியாபாரி கேட்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். அவளோ இங்கிலீஷில் புகழ்வாள். இங்கிலீஷில் விழுகிற கண்ணைத் தமிழில் கழிக்க முடியுமா?

மகள் கலைமகள் திருவாரூர் பக்கத்தில் இங்கிலீஷ் எம்.ஏ. படிக்கிறாள். ரொம்ப மோசமானதை இங்கிலீஷில் என்னவென்று சொல்வார்கள் என்று அவளிடம் கேட்டார்.

படித்ததைக் கொட்ட அவளுக்கும் ஓர் ஆள் கிடைத்தது. 'பேட்' என்பது சப்பை வார்த்தை, எதற்கும் சொல்லலாம். 'நாஸ்ட்டி' என்றால் அதில் ஒரு முகச்சுளிப்பு இருக்கும். கசப்பு மருந்து, சீழ் வைத்த புண், சாக்கடை வீச்சம் எல்லாம் நாஸ்ட்டி. மனுஷனைச் சொன்னால், வேண்டுமென்றே அடுத்தவரை நோகடிக்கிறவன் என்று அர்த்தம். பயிரை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றும் சொல்லிப் பார்த்தாள். அவர் காது 'சீழ்' என்ற வார்த்தையோடு மூடிக்கொண்டுவிட்டது.

அந்த அம்மாள் வந்தாள். வரப்பில் குனிந்து ஒரு கதிரை முகர்ந்து, "ப்யூட்டிஃபுல்" என்றாள்.

"நாஸ்ட்டி" என்றார் பஞ்சநதம், பட்டென்று.

அவள் சிரித்துக்கொண்டே, "வொண்டர்ஃபுல்" என்றாள்.

"வெரி நாஸ்ட்டி."

அவள் கதிரை விட்டுவிட்டாள். பயிரில் நோயா, உப்புத் தண்ணீர் ஏறிவிட்டதா, ஏதாவது மருந்து அடித்தீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். கலைமகள் குறுக்கே வந்தாள். ஊர் வழக்கத்தை மூச்சு முட்ட விளக்கினாள். அந்த அம்மாள் பொறுமையாகத்தான் கேட்டாள். ஆனாலும் குறை சொன்ன வாயாலேயே பதில் வர வேண்டும் என்று நின்றுவிட்டாள்.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்த நீங்களே சொல்லணுமாம்ப்பா. இல்லன்னா கெளம்பிடுவாங்க."

ஊரார் கண்ணைவிட உடையவன் கண் பொல்லாதது என்பது அவர் கணக்கு. பயிரைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு இருவரையும் கூப்பிட்டுக்கொண்டு வாய்க்காலைத் தாண்டித் தார்ச்சாலைக்கே போய்விட்டார். அங்கே வயலுக்கு முதுகைக் காட்டி நின்று குரலைத் தாழ்த்தினார்.

"இந்தச் சுத்துவட்டாரத்துல இப்படி ஒரு நெல்லு கெடையாதுங்க. ஒலையில போட்டா தெருமுனைக்கே வாசம் வரும்."

கலைமகள் அதை இங்கிலீஷில் கிசுகிசுத்தாள். அந்த அம்மாளும் வயல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகக் கிசுகிசுத்தாள்.

காரில் ஏறும்போது கலைமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மகள் பிரில்லியன்ட் என்று அவரிடம் சத்தமாகவே சொன்னாள்.

பஞ்சநதம் பதறிப்போனார்.

"நாஸ்ட்டி" என்றார். "வெரி, வெரி நாஸ்ட்டி."

வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட 'ஏதோ தேறிடுச்சு' என்று முடித்துக்கொண்ட அப்பா அவர். பயிருக்கே ஒரு 'வெரி'தான், தனக்கு இரண்டு என்பதைக் கலைமகள் வீடு போய்ச் சேர்வதற்குள் பல தடவை நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.