நான்காம் சுற்றில் விழுந்தவன்

எங்கள் கடல்முனைக் கிராமத்தில் ஒரு வீட்டுக் குழம்பில் உப்புக் கூடினால் அடுத்த தெருவில் தண்ணீர் குடிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் வெண்டல் டோமா ஒரு விஷயத்தை மூன்று மாதம் மூடி வைத்திருந்தான். அதுவும் என் எதிர் வீட்டில் இருந்துகொண்டு! அதனால் வந்த வினைதான் இவ்வளவும்.

அவன் படகு பிடிபட்டது ஆகஸ்ட் மாதம். பாசமக்வாடி வளைகுடாவில், கடல்நாய்ப் பாறைக்குப் பக்கத்தில், சிங்கி இறாலுக்குக் கூடுகள் இறக்கியிருந்தான். அக்கரை வெள்ளைக்காரன் ஓரின் தாக்ஸ்டர் வந்து மிதவைகளில் இரண்டிரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுப் போனான். 'மரியாதையாகக் கிளம்பு' என்று அதற்கு அர்த்தம். வெண்டல் கிளம்பவில்லை. மறுவாரம் எண்பது கூடுகளின் கயிறும் அறுந்துபோயிருந்தது. வெண்டல் கோடாலியை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனான். ஓரினின் சின்னப் படகை இரண்டாகப் பிளந்தான். திரும்பி வந்து நிதானமாகச் சாப்பிட்டான்.

பிறகு மீன்வளக் காவலர்கள் வந்தார்கள். கயிறு அறுத்தவனை ஒன்றும் கேட்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடித்தான் என்று வெண்டலின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். உப்புத் தண்ணீரில் மீன் பிடிக்க, இந்த மண்ணின் பூர்வகுடிகளான நாங்கள் எவனிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை, அந்த உரிமையை எந்த ஒப்பந்தத்திலும் எழுதிக் கொடுக்கவில்லை என்பது எங்கள் கட்சி. சட்டமன்றக் குழு இதை ஆராய்ந்து சொல்லட்டும், அதுவரை படகை ஏலம் விடாதீர்கள் என்றார் நீதிபதி. சட்டமன்றமும் பெரிய மனது பண்ணி ஆய்வுக்குச் சம்மதம் தந்தது. பணம் மட்டும் தரவில்லை. மார்ச் முடிவதற்குள் வெளியாள் யாராவது செலவை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வும் இல்லை, படகும் இல்லை. கொடுக்கிறவருக்கு மீனில் ஒரு பைசா லாபம் இருக்கக் கூடாது என்று வேறு ஒரு விதி. கடலோரத்தில் அப்படி ஒரு பணக்காரனைத் தேடுவது, பந்தியில் பசிக்காதவனைத் தேடுகிற மாதிரி.

இருந்தது ஒரே ஒருவர். ஹாலிஸ் க்ரூ. பழைய கார் வியாபாரி. மீன் வாசனை பட்டாலே மூக்கைப் பொத்துவார். ஆனால் குத்துச்சண்டை என்றால் உயிர், அதில் பந்தயம் கட்டுவது உயிருக்கும் மேல். வெண்டலும் ஓரினும் ஆறு சுற்று மோதட்டும், டிக்கெட் வசூல் தனக்கு, ஆய்வுச் செலவு தன் தலையில் என்றார். இடம், எங்கள் பள்ளி விளையாட்டு அரங்கம். வெண்டலை அடித்தால் இந்த ஒரு முறை போலீஸ் வராது என்பதால் ஓரின் உடனே தலையாட்டினான். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும் அவ்வளவுதான் தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மார்ச் மாதம் சண்டை நாள் சாயங்காலம் இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் அக்கரைக்காரர்கள். எங்கள் எல்லைக்குள் பீர் கூடாது என்பதால் அவர்கள் வண்டியிலேயே குடித்து முடித்து வந்திருந்தார்கள். நடுவராக வந்தவர் கடற்படையில் இருந்த கிழவர். ஊரே எரிந்தாலும் எடுத்த வேலையை முடிக்காமல் நகராத ஆள்.

வெண்டலின் அக்கா டெல்ஃபின் முதல் வரிசையில், என் பக்கத்தில். தம்பியைவிட பதினான்கு வயது மூத்தவள். தாய் போனபின் அவனை வளர்த்தவள்.

"என்னடி, தம்பியை நினைச்சுப் பயமா?" என்று கேட்டேன்.

"அவன் கிடக்கான். எனக்கு அந்த ஓரினை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. பல்லு கட்ட அவன்கிட்ட காசு இருக்கோ என்னவோ."

முதல் சுற்றிலேயே ஓரினின் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் வெண்டலின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அடிக்கிற சத்தம் ஈரச் சாக்கைத் தரையில் அறைவது போல இருந்தது. மூன்றாவதில் ஓரின் கயிற்றில் சாய்ந்து வாந்தி எடுத்தான். இன்னொரு அடி போதும். வெண்டல் அந்த அடியை அடிக்கவில்லை. மூச்சு வாங்குகிறான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவதில், ஒரு கிழவி கூட ஒதுங்கியிருக்கக்கூடிய அடி, வெண்டலின் தாடையில் விழுந்தது. அவன் மரம் சாய்வது போல விழுந்தான். ஓரின் குனிந்து அவன் முகத்தில் ரத்தத்தோடு துப்பினான்.

"இப்ப எங்கடா உன் கடல்? எழுந்து காட்டுடா!"

டெல்ஃபின் எப்போது எழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. மூலையில் கிடந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு கயிற்றில் ஏறிவிட்டாள். ஓரினின் பங்காளிகள் மூன்று பேர் அவள் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். முக்காலி ஒருவன் காதைப் பிய்த்தது. அதன் பிறகு அவளைக் கீழே போட்டு மிதித்தார்கள். அரங்கமே நாற்காலியும் கையுமாக எழுந்தது. மேடையில் கிழவர் மட்டும் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று. நான்கு.

வெண்டலின் முகம் அக்கா பக்கம் திரும்பிக் கிடந்தது. இரண்டு கை தூரம்தான். அவன் கண் திறந்திருந்தது. நான் பார்த்தேன். பூட்ஸ் கால் அவள் கண்ணில் இறங்கியதை அவனும் பார்த்தான். ஏழு. எட்டில் அவன் கை அசைந்தது. பிறகு உள்ளங்கையைத் தரையில் வைத்து, தன்னைத் தானே பிடித்து அழுத்திக்கொள்கிறவன் மாதிரி, அழுத்தினான். ஒன்பது.

பத்து.

அடுத்த நொடி, படுக்கையிலிருந்து எழுவதுபோல எழுந்தான். கயிற்றைத் தாண்டிக் குதித்தான். முதல் பங்காளியின் விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாமவனைச் சுவரில் மோதியபோது சுவரின் காரை உதிர்ந்தது. மூன்றாமவன் கெஞ்சினான். கெஞ்சின வாயிலேயே அடித்தான். நாலு பேர் சேர்ந்து பிடித்துத்தான் அவனை நிறுத்தினோம்.

டெல்ஃபினுக்கு நான்கு பல் போயிற்று. இடது கண் போயிற்று.

தம்பி கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தான் என்ற செய்தி அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவள் காதுக்குப் போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஹாலிஸின் செக் சொன்ன தேதிக்கு முன்பே தலைநகர் போய்ச் சேர்ந்தது. ஜூனில் குழு எங்கள் ஊருக்கே வந்து விசாரிக்கும் என்று தகவல் வந்தது. எங்கள் வக்கீலம்மா பெரியவர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கினாள். லைசென்ஸ் என்ற பேச்சே வராத காலத்தில் பெற்றவர்களோடு அந்தப் பாறைக்குப் போய் மீன் பிடித்தவர் ஒருவராவது சாட்சி சொல்ல வேண்டுமாம். உயிரோடு இருப்பது டெல்ஃபின் மட்டும். அந்தக் காலம் முடிகிறபோதுதான் வெண்டல் தொட்டிலுக்கு வந்தான்.

மே மாதம் ஒரு மத்தியானம் அவன் அவள் கதவைத் தட்டினான். நான் அப்போது தற்செயலாக என் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நாலாவது சுத்துல விழுந்து பத்து எண்ணுற வரைக்கும் கிடந்தாத்தான் காசுன்னு ஹாலிஸ் சொன்னான்க்கா. அவன் ஓரின் மேல பந்தயம் கட்டியிருந்தான்."

உள்ளே தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவு விரல் அகலம் திறந்தது.

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"உனக்குப் பொய்யா அழத் தெரியாதுக்கா. அப்புறம்..." என்று என் ஜன்னலைப் பார்த்தான். "எதிர் வீட்டுக்குக் கேட்டுரும்னு பயந்தேன். அக்கரை வரைக்கும் போயிரும்."

"சொல்லியிருந்தா நானே உன்னைக் கீழ தள்ளியிருப்பேனேடா, மடப்பயலே! போன கண்ணு மிஞ்சியிருக்குமே!"

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. நான் என் ஜன்னலைச் சாத்தினேன். ஒரு மனிதன் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்ல முடியாத அளவுக்கா நான்? இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அதற்கு மேல் முடியவில்லை.

விசாரணை அதே அரங்கத்தில். உதிர்ந்த சுவருக்கு வெள்ளை பூசியிருந்தார்கள். குழுவினர் ஐந்து பேர், முன்னால் தண்ணீர் ஜாடி, தலைவியாக ஒரு கண்ணாடிக்காரி. வலப்பக்கம் மூக்கு கோணிப்போன ஓரின். வெண்டல் முதலில் பேசினான். படகு, கயிறு, முடிச்சு எல்லாம் சொன்னான்.

"நீங்க பொறந்தப்ப அங்க யாரு மீன் பிடிச்சாங்க, மிஸ்டர் டோமா?" என்று தலைவி கேட்டாள்.

"எங்கம்மாவும் எங்கக்காவும்."

"அக்கா வந்திருக்காங்களா?"

அவன் பின்கதவைத் திரும்பிப் பார்த்தான். வக்கீலம்மா காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள். அடுத்தவரை அழைக்கட்டுமா என்று தலைவி கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்கதவு திறந்தது.

டெல்ஃபின். இடது கண்ணில் கறுப்புத் துணி. நேராக நடந்து வந்தாள், வெண்டல் எழுந்து நின்றான். கையை ஓங்கி அவன் முகத்தில் ஒரு குத்து விட்டாள். இரண்டு அடி பின்னால் போய் மேசையில் மோதினான். ஜாடி உருண்டது. காவலர் ஓடி வந்தார். ஓரினே நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டான் என்றால் பாருங்கள்.

"அம்மா! போலீஸைக் கூப்பிடட்டுமா?" தலைவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"எதுக்கு? முடிஞ்சுது." டெல்ஃபின் கையை உதறிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். "எழுதிக்குங்க. டெல்ஃபின் டோமா. ஆறு வயசுல எங்கம்மாவோட கடல்நாய்ப் பாறைக்குத் துடுப்புப் போட்டுப் போனேன். பாறைக்குத் தெக்கால, தண்ணி வத்துற நேரத்துல, தூண்டில இறக்கினா..."

எழுத்தர் பெண்ணின் விரல்கள் ஓடத் தொடங்கின. வெண்டல் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு இடப்பக்கம் நின்றிருந்தான். விரல் இடுக்கில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் பேச்சை நிறுத்தி, தலையை முழுக்கத் திருப்பி அவனைத் தேடினாள்.

"டேய். அந்தப் பக்கம் நின்னா எனக்குத் தெரியாது. இந்தப் பக்கம் வந்து உக்காரு."

அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு சுற்றி வந்தான்.