ஐஸ் கம்பெனித் தெருவின் கடைசி

ஆற்றங்கரையில் இருந்த ஐஸ் கம்பெனித் தெருக்காரர்களை ஊருக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடத்துக்கு மாற்றியபோது, அவர்கள் தெருவையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, கடைசி வண்டியில், பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவே வைத்துக் கட்டினார்கள். காலி செய்ய வந்த அதிகாரிகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த உத்தரவில் வீடு என்று மட்டும்தான் போட்டிருந்தது.

புது இடத்தில் வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். குலுக்கலுக்கு அக்கம்பக்கம் தெரியுமா என்ன? மீன் விற்கும் மேகலாவுக்கு இரண்டாம் மாடி விழுந்தது. அவள் பக்கத்து வீட்டு நூர்ஜகானுக்கு எட்டாம் மாடி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே சுவரின் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டவர்கள். இனிமேல் சண்டைக்கு லிப்டில் போக வேண்டும். லிப்ட் வேலை செய்யவில்லை.

அன்று சாயங்காலமே தெருவைப் பிரித்து வராண்டாவில் விரித்தார்கள். தெருவுக்குப் பழைய வரிசைதான் தெரியும். மேகலா வாசலிலிருந்து நாலு அடி வைத்தால் நூர்ஜகான் வாசல் வந்தது. இரண்டாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம். மீன் கழுவிய தண்ணீர் யார் வாசலுக்கு ஓடுகிறது என்கிற பழைய வழக்கு மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இதெல்லாம் நடந்து வெகுநாள் கழித்துத்தான் சாலைத் துறை விழித்துக்கொண்டது. ஆற்றங்கரையில் அழகான நடைபாதை போடப் போனவர்கள், அடியில் தெரு இல்லை என்று திரும்பி வந்தார்கள். இல்லாத தெருவின் மேல் நடைபாதை போட விதியில் இடமில்லை. தெருவைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லி உத்தரவானது.

தூக்குவதற்கு ஒரு முனை வேண்டும். தெருவின் தொடக்கத்தில், இரண்டாம் மாடியில், தெருவோடு வந்த பிள்ளையார் கோயில் உட்கார்ந்திருந்தது. பிள்ளையாரை நகர்த்தும் தைரியம் எந்தத் துறைக்கும் வரவில்லை. ஆகவே கடைசியிலிருந்துதான் சுருட்ட வேண்டும். கடைசி எங்கே என்று கண்டுபிடிக்கிற வேலை நிலைத்த நகர வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு வந்தது. மையம் தமயந்தியை அனுப்பியது.

தமயந்தி நல்ல ஆராய்ச்சியாளர். மறுகுடியேற்றக் கட்டடங்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்கியவள். எல்லா இடத்திலும் ஒரே கதைதான். மூடிய கதவு, இருட்டு வராண்டா, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாத குடித்தனம். அதையெல்லாம் எழுதி எழுதி அவளுக்கே தூக்கம் கெட்டிருந்தது.

"கடைசியைக் கண்டுபிடிச்சு, கையில பிடிச்சுக்கிட்டு நில்லு. லாரிக்காரங்க வந்துடுவாங்க," என்றார் மையத்தின் இயக்குநர் வேதமாணிக்கம். "சாலைத் துறை நமக்குத் தெருவுல ஒரு துண்டு தர்றதா சொல்லியிருக்கு. மாநாட்டு ஹால்ல விரிக்கலாம். வெளிநாட்டுக்காரங்க நடந்து பார்ப்பாங்க."

"தெரு போயிட்டா அந்த ஜனங்க என்ன சார் பண்ணுவாங்க?"

"அதை அடுத்த ஆய்வுல பார்க்கலாம்."

தமயந்தி காலையில் இரண்டாம் மாடிக்குப் போனாள். பிள்ளையாருக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். வராண்டா நேராக இருந்தது. கடைசிச் சுவர் தெரிந்தது. வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

மேகலா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கினாள்.

"இன்னாம்மா, எங்க போற?"

"தெருவோட கடைசிக்கு."

"சாப்ட்டியா?"

"ஆச்சு."

"சரி, பாத்துப் போ. வழுக்கும்."

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். கடைசிச் சுவர் ஒரு வீட்டு அகலம் தள்ளிப் போயிருந்தது.

நூர்ஜகான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் எங்கே போகிறாய் என்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சுவர் இன்னொரு வீட்டு அகலம் தள்ளிப் போனது. அடுத்த வாசலில் ஆள் இல்லை. சுவர் நகரவில்லை. அதற்கடுத்த வாசலில் ஒரு கிழவர் செய்தித்தாளை இறக்கி, "யாரைப் பாக்கணும்?" என்றார். சுவர் மறுபடி நகர்ந்தது.

தமயந்தி நின்றுவிட்டாள். கேள்வி கேட்கக் கேட்கத் தெரு நீள்கிறது. அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி இல்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது. அவள் குடியிருக்கும் கட்டடத்தில் வராண்டா எப்போதும் ஒரே நீளம்.

நூர்ஜகான் முறத்தை வைத்துவிட்டுக் கூடவே வந்தாள். "தனியாப் போனா நீ போய்ச் சேரமாட்ட. நான் வந்தா பேச்சுக் கொஞ்சம் கொறையும்," என்றாள். பேச்சு குறையவில்லை. அவளைப் பார்த்ததும் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டார்கள்.

ஐந்தாம் மாடியில் பஸ் வந்தது. ஆற்றங்கரையில் ஓடிய அதே பஸ். வழித்தடத்தை யாரும் மாற்றச் சொல்லாததால் அதே வழியில் ஓடியது. நடுத்தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. பஸ் ஒதுங்கிப் போனது. நாயும் மரியாதைக்கு வாலை மட்டும் மடக்கிக்கொண்டது.

ஆறாம் மாடியில் கல்யாணம். தெருவை மறித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பெண் மூன்றாம் மாடி, மாப்பிள்ளை ஏழாம் மாடி, இரண்டும் எதிரெதிர் வீடு. பஸ் பந்தலுக்கு வெளியே காத்திருந்தது. டிரைவரும் கண்டக்டரும் பயணிகளும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு நகரம் இத்தனை அழகாக இருக்க முடியும் என்று தமயந்தி அன்றுதான் பார்த்தாள். கையில் அளவு நாடா இருப்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைப் பையில் போட்டுவிட்டாள்.

"இதைச் சுருட்டி எடுத்துட்டுப் போகத்தான் என்னை அனுப்பியிருக்காங்க," என்று நூர்ஜகானிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தெரியும். லாரி கீழ நிக்குது. டிரைவருக்கு டீ குடுத்தாச்சு."

"கோபம் இல்லையா?"

"கோவம் இல்லாம இருக்குமா? எட்டு மாடி. தெருவும் பூட்டா, மேகலாவைத் திட்டணும்னா நான் போன்ல திட்டணும். போன்ல திட்டுனா அவ கட் பண்ணிடுவா." நூர்ஜகான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒருநாள் நெஞ்சு வலின்னு உள்ள கெடந்தேன். காலைல நான் திட்டலையேன்னு தேடி வந்தது அவதான்."

அதற்குப் பிறகு இருவரும் நடையை எட்டிப் போட்டார்கள். வாசல்களும் கேள்விகளும் குறைந்தன. பஸ் சத்தம் பின்னால் போனது. எந்த மாடி என்று தெரியவில்லை. திடீரென்று தெரு முடிந்தது.

முடிந்த இடம் நன்றாகத் தெரிந்தது. தெருவின் ஓரம் பழைய பாயின் ஓரம்போல் நைந்து கிடந்தது. அதற்கு அப்பால் வெறும் சிமென்டுத் தரை. ஒரு வீடு இருந்தது. கதவு மூடியிருந்தது.

"இது யார் வீடு?"

"எத்திராஜ்னு ஒருத்தரு. எங்க தெரு கெடையாது. குலுக்கல்ல வந்தவரு," என்றாள் நூர்ஜகான். "வந்த புதுசுல எல்லாரும் கூப்ட்டோம். கதவையே தொறக்கல. அப்புறம் நாங்களும் விட்டுட்டோம். அதோட தெருவும் நின்னுபோச்சு." கடைசி வாக்கியத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

தமயந்தி குனிந்தாள். தெருவின் முனைக்கு அடியில் விரல் நுழைந்தது. லேசாகத் தூக்கியதும் எங்கோ தூரத்தில் பந்தல் கால் ஆடியது. பாத்திரம் ஒன்று விழுந்தது. அவள் உடனே விட்டுவிட்டாள்.

போன் அடித்தது. வேதமாணிக்கம்.

"கடைசி கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்."

"பிடிச்சுக்கோ. சாலைத் துறைப் பொறியாளர் ஆளோட ஏறிட்டார்."

ஏறுகிற சத்தம் கேட்டது. சுருட்டுவதற்கான இரும்புக் குழாய் ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு வந்தது. பொறியாளர் சபாபதி விவரமானவர். படிக்கட்டில் வந்தார். படிக்கட்டு தெருவைச் சேர்ந்ததில்லை. அங்கே அவரைக் கேள்வி கேட்க ஆள் கிடையாது.

தமயந்தி எத்திராஜின் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"சர்வேக்கு வந்திருக்கேன்."

"போன தபாவும் சர்வேன்னுதான் வந்தாங்க. எங்க தெருவைச் சுருட்டி குடோன்ல போட்டாங்க. ஜனங்களைப் பிளாக் பிளாக்கா பிரிச்சுட்டாங்க. போம்மா."

தமயந்தியிடம் பெரிய கேள்வித்தாள் இருந்தது. அண்டை அயலாருடன் உங்கள் உறவு மிக நன்று, நன்று, சுமார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குழாய்ச் சத்தம் நெருங்கிவிட்டது. காலையிலிருந்து ஊரே அவளைக் கேட்ட கேள்விதான் வாயில் வந்தது.

"சாப்ட்டீங்களா?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"இல்ல," என்றார் எத்திராஜ்.

நூர்ஜகான் திடுக்கிட்டாள். இந்தக் கேள்விக்கு ஐஸ் கம்பெனித் தெருவில் யாரும் இல்லை என்று சொன்னது கிடையாது. பட்டினி கிடப்பவனும் ஆச்சு என்றுதான் சொல்வான். கேட்பவர்களும் அதை நம்பித்தான் கேட்பார்கள்.

அவள் திரும்பி நின்று கையைக் குவித்துக் கத்தினாள். "ஏ மேகலா! இங்க ஒருத்தரு சாப்டலயாம்டி!"

"யாரு?" என்று இரண்டாம் மாடி கேட்டது.

"எவ்ளோ நாளா?" என்று ஏழாம் மாடி கேட்டது.

அப்புறம் கேள்வி நிற்கவில்லை. எல்லா வாசலும் கேட்டது. பந்தியில் இருந்த கண்டக்டர் எழுந்து நின்று கேட்டார். மேகலா வஞ்சிர மீன் குழம்போடு ஓடி வந்தாள். கல்யாண வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. யாரோ கத்தரிக்காயைத் தனியாகக் கிண்ணத்தில் கொண்டு வந்தார்கள், மனிதர் சைவமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று. இத்தனை தட்டையும் வாங்கிக்கொள்ள எத்திராஜ் கதவை முழுதாகத் திறக்க வேண்டியிருந்தது. ஒல்லியான மனிதர். சட்டையில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார்.

கதவு திறந்ததும் தெரு உள்ளே போனது. தண்ணீர் போவதுபோல் மெதுவாகத் தரையில் ஏறி, கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. அங்கே லுங்கித் துணியால் கட்டிய ஒரு சின்னச் சுருள் இருந்தது. எத்திராஜின் பழைய தெருவில் அவர் வாசலுக்கு நேராக இருந்த துண்டு. சுருட்ட வந்தபோது அவர் அறுத்து ஒளித்து வைத்தது.

"இது எதுக்குண்ணே?" என்றாள் மேகலா.

"தெரியல. எடுத்தாந்துட்டேன்."

இரண்டு முனையும் புது நாய்கள் மாதிரி ஒன்றையொன்று மோந்து பார்த்தன. பிறகு ஒட்டிக்கொண்டன. சுருள் தானாகப் பிரிந்தது. சின்னத் துண்டுதான். ஆனால் பிரிந்துகொண்டே இருந்தது. பின்சுவரைத் தாண்டி வெளியே போனது. அங்கே எட்டு மாடி உயரத்தில் ஆற்று நாற்றத்தோடு ஒரு நீளமான தெரு கிடந்தது. பிளாக் பிளாக்காகப் பிரிந்துபோன பழைய வாசல்கள் நாலைந்து திசையிலிருந்து வந்து அதன் ஓரத்தில் நின்றன.

சபாபதி ஆட்களோடும் குழாயோடும் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது.

"எங்கம்மா கடைசி?"

"இங்கதான் சார் இருந்துது," என்றாள் தமயந்தி. "இப்ப அந்தப் பக்கம் போயிடுச்சு."

"எவ்வளவு தூரம்?"

"நடந்துதான் பார்க்கணும்."

சபாபதி அரசு ஊழியர். நடந்து பார்க்கப் புறப்பட்டார். எத்திராஜின் வீட்டுக்குள் புகுந்து, கட்டிலைச் சுற்றி, குழாயைத் தூக்கிக்கொண்டு ஆட்களோடு புதுத் தெருவில் இறங்கினார். முதல் வாசலில் அவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். இரண்டாம் வாசலில் உட்காரச் சொன்னார்கள். அதற்கப்புறம் தலை தெரியவில்லை.

எத்திராஜ் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவசரமாகச் சாப்பிட்டார். நூர்ஜகான் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கத்தில் வைத்தாள். பிரியாணி பரவாயில்லை, குழம்பில்தான் உப்பு கம்மி என்று மேகலாவுக்குக் கேட்கும்படி சொன்னாள். மேகலா சரியான பதில் சொன்னாள்.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் குடம். செருப்பில்லாத கால். தெருவையே பார்த்துக்கொண்டு, நம்பாமல் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். எத்திராஜைப் பார்த்ததும் குடத்தை இறக்கிவிட்டாள்.

"லூர்தம்மா," என்றார் எத்திராஜ். பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்வதுபோல் சொன்னார். "எங்க எதிர்வூடு."

"யோவ் எத்திராஜு," என்றாள் லூர்தம்மா. "எங்கய்யா பூட்ட இத்தினி நாளா?"

"இங்கதான் இருந்தேன்."

"ஒரு கொரல் குடுக்க வேண்டியதுதானய்யா? நான் தெனம் கதவைத் தொறந்து தொறந்து பாக்கறேன். எதிர்ல செவுருதான்யா இருக்குது."

எத்திராஜின் வாயில் சோறு இருந்தது. அதனால்தான் அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.