சந்தனம் அடைத்த புள்ளி

பொழுது சாய்வதற்குள் சுதர்சனம் ஆழ்வார்திருநகரியில் இருக்க வேண்டும். நாளைக் காலை அவன் மனைவி பூமா தன் அண்ணனோடு டெல்லிக்கு ரயில் ஏறுகிறாள். "வரதுன்னா இன்னிக்கு வாங்கோ, பேசலாம்" என்று அவன் குமாஸ்தாவாக இருக்கும் கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கே போன் செய்து சொல்லிவிட்டாள். போனை வைத்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்க வேண்டிய மனுஷன், புல்லட்டைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் ரோச்சின் பட்டறைக்குப் போனான். புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

அப்பா காலத்து வண்டி. இன்ஜினுக்குள் டைமிங் பல்சக்கரங்கள் தேய்ந்து கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தன. மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு இதில்தான் கிளம்பினான். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், இலை எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தான். பூமா அன்றைக்கே பிறந்த வீட்டில் தங்கிவிட்டாள். மெட்ராஸிலிருந்து புதுச் சக்கரங்கள் வந்திருக்கின்றன, இனி ஒழுங்காக ஓடும் என்று அவளுக்கு ஓட்டிக் காட்ட வேண்டுமாம் இவனுக்கு.

பட்டறை புதுத் துறைமுகம் போகும் ரோட்டில் இருந்தது. ரோச் பழைய சக்கரங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை மாட்டினான். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி குத்தியிருக்கும். புள்ளிக்குப் புள்ளி நேராக நின்றால்தான் வால்வு நேரத்துக்குத் திறக்கும். சுதர்சனம் உட்காரவே இல்லை. வாட்சைப் பார்த்தான், நிலக்கரி லாரிகளைப் பார்த்தான், மறுபடி வாட்சைப் பார்த்தான்.

"ஆச்சா ரோச்?"

"ஆவுது சார். செத்த உக்காருங்க."

ரோச் மூடியைப் பூட்டியதும் சுதர்சனம் கிக்கரை மிதித்தான். அது திருப்பி உதைத்தது. கணுக்கால் விண்ணென்று தெறித்தது. இன்னொரு முறை மிதித்தான். வண்டி கார்புரேட்டர் வழியாகத் தும்மிவிட்டு அடங்கியது.

ரோச் மறுபடி திறந்து, ஒரு சக்கரத்தை ஊசியால் நோண்டினான். எண்ணெயில் கறுத்த சந்தனம் சுதர்சனம் நீட்டிய கையில் உதிர்ந்தது. அதற்கடியில் இன்னொரு புள்ளி இருந்தது.

"பொட்டு வச்சீங்களா சார்?"

"புது சாமானாச்சே. பெருமாள் படத்துக்கு முன்னாடி வச்சு எடுத்தேன்."

"சரியா புள்ளி மேலயே வச்சிருக்கீங்க. நல்லா காஞ்சி அடச்சிட்டு. வேற எதுக்கோ குத்துன புள்ளிய நான் நேர் வச்சிட்டேன். ஒரு மணி நேரம் குடுங்க, சரியாயிரும்."

'ஒரு மணி நேரம்' என்ற இதே வார்த்தையைத்தான் கல்யாணமான நாளிலிருந்து சுதர்சனம் பூமாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவளும் ஒவ்வொரு தடவையும் புடவை மாற்றிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"கெடக்கட்டும் ரோச். நான் கெளம்பறேன்."

கையைக்கூடத் துடைக்காமல் ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். வழியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தான். உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனான்.

பூமா வாசலில் நின்றிருந்தாள். கட்டிய பெட்டி அவளுக்குப் பின்னால் நடையில் இருந்தது. அவன் கைகளைப் பார்த்தாள், பிறகு அவனுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"வண்டி எங்கே?"

"பட்டறையில தெறந்து கெடக்கு. பஸ்ஸில வந்தேன்."

அவள் கதவில் வைத்திருந்த கையை எடுத்தாள்.

"அந்த வண்டிச் சத்தம் தெருமுனையில கேட்டதும் கதவைச் சாத்திண்டுடலாம்னுதான் நின்னுண்டிருந்தேன்" என்றாள்.